மாதர் சங்கம் முதல் சேவை மையம் வரை

பெண்கள் கூடிப் பேசுவதற்கென்றும், கதியற்று நின்ற பெண்கள் தங்குவதற்கென்றும் தமிழ்நாட்டில் ஏற்பட்ட ஸ்தாபனங்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. விதவைகள் விடுதி, மாதர் சங்கம், சேவா சதனம், உழைக்கும் பெண்கள் மன்றம் என்றும், இப்போது சர்க்கார் பாஷையில் ஒருங்கிணைந்த சேவை மையம் என்றும் காலத்துக்கொரு பெயர் பூண்டு வந்திருக்கும் இந்த நிலையங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. இவை தர்ம காரியங்கள், ஆதரவற்றவர்களுக்குச் சோறும் துணியும் ஒரு கைத்தொழிலும் தருவதோடு இவற்றின் கடமை முடிந்தது என்பது ஒன்று. சட்டத்தையும் சம்பிரதாயத்தையும் மாற்றுவதற்குப் பயன்படாவிட்டால் இவற்றால் பெண்களுக்கு நிரந்தரமான நன்மை ஏதும் விளையாது என்பது மற்றொன்று. இந்த வாதத்தில் நேரே இறங்குவதற்கு முன்னால், இந்த நிலையங்கள் எப்படித் தோன்றின, யாருக்கு உதவின, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தின, எங்கே வலுவிழந்தன என்று பார்த்துவிடுவது நல்லது. அப்படிப் பார்க்கையில், அடைக்கலம் கொடுத்த கைகளே உரிமைக்கான மனுவையும் எழுதின என்பதும், அடைக்கலம் ஒரு இலாகா, உரிமை வேறொரு இலாகா என்று பிரித்துவைத்த பிறகே நிலையங்கள் சோர்ந்துபோயின என்பதும் எனக்குத் தெளிவாகப் படுகின்றன.

முதலில் பேசப்பட வேண்டியவர் சகோதரி சுப்பலக்ஷ்மி. 1886இல் பிறந்து, பதினொரு வயதளவில் மணமுடிக்கப்பட்டு, மணமான சிறிது காலத்திலேயே கணவனை இழந்த அந்தக் குழந்தையை, ஊரார் எதிர்பார்த்தபடி மூலையில் உட்கார்த்தி வைக்காமல் படிக்கவைத்தவர் அவருடைய தகப்பனார் சுப்பிரமணிய ஐயர். 1911இல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் பி.ஏ. தேறியபோது, மாகாணத்துப் பிராமண விதவைகளில் முதல் பட்டதாரி என்ற கீர்த்தி அவருக்கு வந்தது. அந்தக் கீர்த்தியை வைத்துக்கொண்டு சௌகரியமாக இருந்துவிட அவரால் முடியவில்லை. தம்மைப் போலவே விவரம் அறியுமுன் தாலியறுத்த சிறுமிகள் வீட்டுக்கு வீடு அடுக்களையில் அடைந்து கிடக்கிறார்கள் என்ற நினைவு அவரை விடவில்லை. அதே சமயத்தில், பெண்கள் பள்ளிகளை மேற்பார்வை செய்து வந்த மிஸ் லிஞ்ச் என்ற அதிகாரிக்கு வேறொரு கவலை இருந்தது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால், ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் இசைவதில்லை. பெண் வாத்தியாரோ அகப்படுவதில்லை. குடும்பப் பெண்கள் உத்தியோகத்துக்கு வரமாட்டார்கள். வரக்கூடிய நிலையில் இருந்த விதவைகளுக்குப் படிப்பில்லை. இவ்விரு பெண்மணிகளின் கவலைகளும் ஒன்றையொன்று சந்தித்த இடத்தில்தான் சென்னையின் விதவைகள் விடுதி பிறந்தது.

1912இல் சாரதா மாதர் சங்கத்தை ஏற்படுத்தி, எழும்பூரில் ஒரு சில சிறுமிகளோடு தொடங்கிய அந்த முயற்சி, சில ஆண்டுகளுக்குள் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, பிறகு கைமாறி, 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சென்ற அதே கட்டடம், சர்க்கார் ஒத்தாசையுடன் இளம் விதவைகளின் இருப்பிடமாயிற்று. அங்கே படித்துத் தேறிய பெண்கள் ஜில்லாக்களில் உபாத்தியாயினிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். நேற்றுவரை சுபகாரியத்தில் முன்னே வரக்கூடாதென்று விலக்கப்பட்டிருந்தவள், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஊர்க் குழந்தைகளெல்லாம் எழுந்து நின்று வணங்கும் ஸ்தானத்தில் நின்றாள் என்றால், அதைவிடப் பெரிய சமூக மாறுதலை அந்தக் காலத்தில் எந்தத் தீர்மானத்தாலும் செய்திருக்க முடியாது. 1922இல் ஏற்பட்ட லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியும், 1927இல் ஏற்பட்ட சாரதா வித்தியாலயமும் இந்த வேரிலிருந்து கிளைத்தவையே.

ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆசாரத்துக்குப் பங்கம் வராது என்ற உறுதிமொழி இல்லாமல் எந்தப் பெற்றோரும் பெண்ணை அனுப்பியிருக்கமாட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். அது பெருமளவுக்கு உண்மையும்கூட. எனினும், அந்தக் கதவுக்கு வெளியே நின்ற பெண்களுக்கு அந்தச் சமாதானத்தால் பசி தீர்ந்துவிடாது. மகளிர் நிலையம் ஒன்றை மதிப்பிடும்போது, உள்ளே வந்தவர்களின் நன்றியை மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே விடப்படாதவர்களைக் கேளாமல் போனால் கணக்குச் சரிப்படாது. சுப்பலக்ஷ்மியே இதை உணர்ந்தவர் என்றுதான் அவருடைய பிற்காலத்துப் பணிகளிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது. பால்ய விவாகத் தடைக்காகப் பேசினார், மீனவக் குப்பத்துக் குழந்தைகளுக்குக் கல்வி வேண்டுமென்று உழைத்தார், 1952இல் சென்னைச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார்.

விதவைகள் விடுதி ஒரு துன்பத்துக்குப் பரிகாரமாகத் தோன்றியது. 1917 மே மாதத்தில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், பெண்கள் பிரஜைகள் என்ற எண்ணத்திலிருந்து தோன்றியது. மார்கரெட் கஸின்ஸும் டாரதி ஜினராஜதாசாவும் முன்நின்று நடத்த, அன்னி பெசன்ட் தலைமை வகித்த இச்சங்கம், கிளைகளில் எழுத்தறிவு, தையல், முதலுதவி, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பித்ததோடு, ‘ஸ்திரீ தர்மம்’ என்ற பத்திரிகையையும் நடத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, பெண் கல்வியைப் பற்றி முறையிடுவதற்காகக் கஸின்ஸ் அம்மையார் பேட்டி கேட்டார். ராஜீய விஷயங்கள் மட்டுமே கேட்கப்படும் என்ற பதில் வந்தது. அப்படியானால் ராஜீயமே பேசுவோம் என்று, ஆண்களுக்குள்ள அதே விதிகளின்படி பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்த்துக்கொண்டு, சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்களின் தூதுகோஷ்டி மாண்டேகுவைச் சந்தித்தது. 1921இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். சொத்துள்ளவர்களுக்கே வாக்கு என்ற விதி அப்படியே இருந்ததால் வாக்களிக்கத் தகுதி பெற்ற பெண்கள் சொற்பமே என்றாலும், பெண் என்பதே ஒரு தகுதிக்குறைவு என்ற நிலை அன்றோடு ஒழிந்தது.

இச்சங்கத்தின் ஆலோசனையால் சட்டசபைக்குள் போனவர்தான் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில், தேவதாசி மரபில் வந்த தாயாருக்குப் பிறந்து, 1912இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், சட்டசபையின் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில் ஊழியத்துக்கென்று விடப்பட்ட மானிய நிலங்களைத் தேவதாசிகளுக்கே உரிமையாக்கி அவர்களைக் கட்டிலிருந்து விடுவிக்கும் திருத்தச் சட்டத்தை 1929இல் நிறைவேற்றச் செய்தார். 1930இல் காந்தியடிகள் கைதானபோது பதவியை உதறினார். இந்தப் பகுதி பள்ளிப் புத்தகங்களிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது. தாசித் தொழில் வேண்டாமென்று வெளியே வந்த சிறுமிகள் எங்கே போவார்கள்? ஜாதிவாரியாக நடந்த விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. சட்டம் விடுதலை செய்த பெண்ணைச் சமூகம் வாசலில் நிறுத்திவிட்டது. அப்படி வந்த ஒரு சிலரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவர் தொடங்கியதுதான் அடையாற்றின் ஔவை இல்லம். அதில் ஜாதி கேட்கப்படவில்லை. ஐஸ் ஹவுஸ் விடுதி திறக்காமல் விட்ட கதவை, பதினைந்து ஆண்டுகளுக்கெல்லாம் ஔவை இல்லம் திறந்தது என்று சொல்வது மிகையாகாது.

சட்டசபையில் பேசியவரும் இரவு விடுதிப் பிள்ளைகளுக்குப் பாய் போட்டவரும் ஒருவரே என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்று மேடையில் முழங்குபவர், அந்த உரிமையை நம்பி வீட்டைவிட்டு வந்தவளுக்கு அன்றிரவு படுக்க இடம் எங்கே என்பதையும் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காத முழக்கம் அவளை நடுத்தெருவில் விட்டுவிடும். தேவதாசியாகப் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் முழுச் சட்டம் 1947இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த உரிமையைத் தாங்கி நின்றது இல்லம் என்ற நாலு சுவர்தான். இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது: முத்துலக்ஷ்மி அம்மையாரின் முயற்சியால் 1954இல் ஏற்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, இன்றளவும் தன் அதிகாரபூர்வமான பெயரோடு இந்திய மாதர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கியிருக்கிறது. அங்கே வைத்தியம் பெற்றுத் திரும்பும் லக்ஷக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு, ஒரு மாதர் சங்கம் அதைப் பெற்றெடுத்தது என்று தெரியும்?

மாதர் சங்கத்தார் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள் என்பதால், குடும்ப அமைப்பையும் ஜாதியையும் வேரோடு கேள்வி கேட்கும் துணிவு அவர்களிடம் குறைவாகவே இருந்தது. அந்தக் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்கு ஆண்களைப்போலச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தாசி வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936இல் அதை வைத்து ஒரு நாவலும் எழுதினார். 1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மகாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் அளிக்கப்பட்டது. செங்கற்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். இந்தியா முழுவதற்குமாக 2005இல். இந்த இயக்கத்தாருக்குக் கட்டடங்கள் கொஞ்சம், மேடைகள் அதிகம். மாதர் சங்கத்தாருக்கு நேர்மாறு. இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டிருந்தால் நம் நாட்டுப் பெண்களின் சரித்திரமே வேறாகியிருக்கும் என்பது என் துணிபு.

சுதந்திரத்துக்குப் பின்பு நிலைமை மாறியது. 1937இல் மயிலாப்பூரில் ஆந்திர மகிள சபையைத் தொடங்கி, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெண்களைச் சுருக்கமான பாடத்திட்டத்தால் பரீட்சைக்கு அனுப்பிக்கொண்டிருந்த துர்காபாய், அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தபின், 1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். நன்கொடையை நம்பிக் காலந்தள்ளிய ஸ்தாபனங்களுக்கு அரசாங்க மானியம் கிடைத்தது நல்லதே. ஆனால் மானியத்தோடு நமூனாக்களும் வந்தன. கிராமந்தோறும் மாதர் சங்கம் ஏற்பட்டது. அதற்கு ஒரு தையல் மெஷினும், ஒரு ரேடியோவும், ஒரு பதிவேடும் கொடுக்கப்பட்டன. கூடை பின்னலும் எம்பிராய்டரியும் ஊறுகாய் போடுவதும் கற்பிக்கப்பட்டன. தையல் கற்ற பெண் நாலு காசு சம்பாதித்தாள், அதை நான் இகழமாட்டேன். ஆனால் அவள் சம்பாதித்த காசை யார் வாங்கிக்கொண்டார்கள், குடித்துவிட்டு வந்த கணவனிடம் அடிபட்டவள் அடுத்த நாள் சங்கத்துக்கு வந்தபோது அங்கே யாராவது அதைப்பற்றி வாய் திறந்தார்களா என்ற கேள்விகளுக்குப் பதிவேட்டில் இடம் இல்லை. சங்கங்கள் இருந்தன, மனுக்கள் எழுதப்படவில்லை.

இந்தத் தேக்கத்தை உடைத்தது நகரத்துக் குடிசைப் பகுதிப் பெண்கள்தாம். 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றம், என்ன தரலாம் என்று கேட்காமல், உங்களுக்கு என்ன வேண்டும் என்று இட்லிக் கடைக்காரியையும் பூக்காரியையும் மீன்காரியையும் கேட்டது. அவர்கள் தையல் மெஷின் கேட்கவில்லை. கந்துவட்டிக்காரனிடமிருந்து விடுதலை கேட்டார்கள். காலையில் வாங்கிய பணத்தை மாலையில் வட்டியோடு கொடுத்தே மாய்ந்துபோகிறவர்களுக்கு, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிற்கும் குழுக்கள் மூலம் பாங்குக் கடன் வாங்கிக் கொடுத்தது மன்றம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் பாங்குகள் காட்டிய அலக்ஷியத்தைக் கண்டு, 1981இல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் அமைத்துக்கொண்டது. பிற்காலத்தில், 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய சுயஉதவிக் குழுக்களுக்கு இதுபோன்ற அனுபவங்களே முன்மாதிரி. குழுவென்றால் கடன் தவணை கட்டும் நாள் என்ற அளவுக்கு இன்று பல ஊர்களில் அது சுருங்கிவிட்டதும், தனியார் நுண்கடன் கம்பெனிகள் பழைய கந்துவட்டிக்காரனின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டதும் வேதனைக்குரிய விஷயங்கள்.

புதுக்கோட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஷரீஃபா கானம் அங்கே நடத்திவந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற பெண்கள் அமைப்புக்கு, தலாக் சொல்லி அனுப்பப்பட்டவர்களும், வரதக்ஷிணைக்காக அடிக்கப்பட்டவர்களுமாக முஸ்லிம் பெண்கள் பலர் வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய விவகாரத்தை விசாரிக்கும் உள்ளூர் ஜமாஅத்தில் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருப்பார்கள். பள்ளிவாசலில் நடக்கும் அந்த விசாரணையில், யாருடைய வாழ்க்கை தீர்மானிக்கப்படுகிறதோ அந்தப் பெண்ணுக்கு நேரில் நின்று பேச வழியிருக்காது. அவளுடைய தகப்பனோ சகோதரனோ பேச வேண்டும். போலீஸுக்குப் போனால், உங்கள் ஜமாஅத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பதில் வரும். ஆகவே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், பெண்களே கூடி முறையீடுகளைக் கேட்கும் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவாயிற்று. பல ஜில்லாக்களிலிருந்தும் பஸ் ஏறி வந்த பெண்கள், குரான் எங்களுக்கு என்ன உரிமை தந்திருக்கிறது, அதை மறுக்க இவர்கள் யார் என்று கேட்டார்கள். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்ட வேண்டும் என்று அவர்கள் அறிவித்தபோது உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது, அச்சுறுத்தல்களும் வந்தன. மதத்தை விட்டு வெளியேறாமலே, மதத்தின் பெயரால் நடந்த அநீதியை உள்ளிருந்து எதிர்த்த இந்தப் பெண்களிடம், பெண்ணியம் மேலை நாட்டு இறக்குமதி என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நிலையம் அடைக்கலத்தில் தொடங்கி உரிமையில் போய்ச் சேர்வதற்கு நம் காலத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இலங்கைத் தமிழ்ப் பெண்களோ, யுத்தத்தின் நடுவே இந்தக் காரியத்தைச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்களின் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தது. டாக்டர் ராஜனி திராணகம முதலியோரின் முயற்சியால் பூரணி என்ற பெண்கள் இல்லம் ஏற்பட்டது, 1989 செப்டம்பர் 21இல் ராஜனி சுட்டுக் கொல்லப்பட்டார், இல்லமும் நிலைக்கவில்லை. மட்டக்களப்பில் 1990களில் வேரூன்றிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், இடம்பெயர்ந்த பெண்களிடையே தொடங்கிய பணியை விரித்து, அவர்களுடைய பாட்டுக்கும் நாடகத்துக்கும்கூட இடம் கொடுத்தது. ஆயுதம் ஏந்திய எந்தத் தரப்பையும் சாராமல் பெண்களுக்கென்று ஒரு கூரையை வைத்துக்கொள்வதே அங்கே பெரிய அரசியலாக இருந்தது. தமிழகத்து ஸ்தாபனங்கள் இந்தச் சகோதரிகளின் அனுபவத்தைப் போதுமான சிரத்தையோடு படிக்கவில்லை என்பது என் நெடுநாளைய குறை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1992இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், அதில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்று அது வகுத்தது. 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கூட்டுப் பலாத்காரக் கொடுமைக்குப் பின் ஏற்படுத்தப்பட்ட நிர்பயா நிதியிலிருந்து, 2015 முதல் ஜில்லாதோறும் ‘சகி’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. வைத்தியம், போலீஸ், வக்கீல், மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்துக்காக ஐந்து வாசல்களில் அலைந்து, ஒவ்வொரு வாசலிலும் நடந்த கதையை மறுபடி மறுபடி சொல்லி அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு, ஒரே கூரையின்கீழ் எல்லாம் கிடைக்கும் என்ற ஏற்பாடு உயர்ந்த ஏற்பாடு. அதன் கருத்தில் எனக்குக் குறையில்லை.

குறை நடைமுறையில் இருக்கிறது. தங்குவதற்கு ஐந்து நாள்தான் அனுமதி. திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண் குழந்தையை உடன் வைத்துக்கொள்ள முடியாமல் இருந்தது. ஒன்பது வயது மகனை அடித்த தகப்பனிடமே விட்டுவிட்டு எந்தத் தாய் வந்திருப்பாள்? மையத்தின் ஊழியர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒரு பெண்ணின் விவகாரம் நியாயஸ்தலத்தில் முடிவதற்குள், அவளை அறிந்த ஆலோசகர் வேலையை விட்டுப் போயிருப்பார். எல்லாவற்றிலும் கவலைக்குரியது சமரசம். மகளிர் காவல் நிலையத்திலும் மையத்திலும், மனு ரசீது கொடுத்து இரு தரப்பையும் கூப்பிட்டு, இனி அடிக்கமாட்டேன் என்று புருஷனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, குழந்தைகளுக்காக அனுசரித்துப் போம்மா என்று அனுப்பிவைப்பது சர்வசாதாரணமாக இருக்கிறது. சேர்ந்து வாழ விரும்பும் பெண்ணுக்கு அந்த வழி இருக்க வேண்டியதுதான். ஆனால் விருப்பம் அவளுடையதாக இருக்க வேண்டும். போக இடமில்லாதவள் சரி என்று தலையாட்டுவதைச் சம்மதம் என்று பதிவேட்டில் எழுதுவது பொய்யான கணக்கு.

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுவதற்குமான விகிதம் 29. வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. கல்வியிலும் தொழிலிலும் முன்னே நிற்கிறோம் என்று பெருமை கொள்ளும் நாட்டில் இந்த எண்கள் நம்மை உறங்கவிடக்கூடாது. மையங்கள் இருந்தும் பெண்கள் வராமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று. போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அறிவும் அதில் இருக்கிறது. இதை மாற்ற வேண்டுமானால், ஐந்து நாள் என்ற கெடு நீங்க வேண்டும்; தாயோடு வரும் பிள்ளைகளைப் பிரிக்கும் விதி எந்த மையத்திலும் இருக்கக்கூடாது; ஆலோசகர்களுக்கு நிரந்தர உத்தியோகமும் கௌரவமான சம்பளமும் வேண்டும்; ஒவ்வொரு மையத்தின் நிர்வாகக் குழுவிலும், அங்கே ஒரு காலத்தில் அடைக்கலம் பெற்ற பெண்களுக்கு ஸ்தானம் வேண்டும். அரசாங்கத்தின் மையங்கள் உரிமை பேசாது என்பதால், பேசக்கூடிய சுயேச்சையான மகளிர் அமைப்புகள் ஜில்லாதோறும் பிழைத்திருக்க வேண்டும். அவற்றுக்கு அந்நிய நாட்டுப் பணத்தையோ அரசாங்க மானியத்தையோ மட்டும் நம்பாமல் இருப்பதற்கு உள்ளூரார் கொடுக்கும் சந்தாவே நல்ல பலம்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஜில்லாத் தலைநகரில் ஒருங்கிணைந்த சேவை மையம் எந்தத் தெருவில் இருக்கிறதென்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை நேரில் போய், இரவில் அங்கே யார் இருக்கிறார்கள், எத்தனை படுக்கைகள் இருக்கின்றன என்று கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண்ணாகிய 181ஐ உங்கள் வீட்டுப் பெண்களுக்கும், உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்களுக்கும், தெருவில் கீரை விற்க வரும் பெண்களுக்கும் சொல்லி வையுங்கள்.